என் மகளை மறக்காமல் எனக்கு உதவியவர்களுக்கு

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

என் மகள் என்னோடு பேச மறுத்த காலத்தில் எனக்குத் துணை நின்றவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு நேரில் நன்றி சொல்லியிருக்கிறேன். சிலரை அதன் பிறகு சந்திக்கும் வாய்ப்பு அமையவில்லை. ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லோருக்குமாக இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன். பிரிந்த கணவன் மனைவியருள் ஒருவரிடம் வளரும் பிள்ளை மற்றவரை வெறுத்து ஒதுக்கும் துயரத்தில் இருக்கும் தாய்தந்தையர் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், எங்கே போவது, எதைக் கேட்பது என்ற விவரமாவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் சில செய்திகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். மகளின் நலன் கருதி, யாருடைய பெயரையும் அவள் வசிக்கும் ஊரையும் குறிப்பிடவில்லை.

நானும் என் கணவரும் பிரிந்தபோது மகளுக்கு எட்டு வயது. அவள் தந்தையோடும் அவருடைய குடும்பத்தாரோடும் வேறு மாவட்டத்தில் தங்கினாள்; நான் வேலையின் காரணமாக மதுரையிலேயே இருந்தேன். தொடக்கத்தில் நாள்தோறும் தொலைபேசியில் பேசியவள், மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள், நகைக்கடனைப் பற்றியும் வழக்கைப் பற்றியும், அந்த வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கவே முடியாத விவரங்களை எடுத்துச் சொல்லி, என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று கூறினாள். உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். பிள்ளை தானாக வருவாள், விட்டுவிடு என்றவர்களும் உண்டு. காவல் நிலையத்துக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு என்றவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தில் முதன்முதலாகத் தெளிவான ஒரு பதிலைச் சொன்னவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அமர்ந்திருந்த சட்டத் தன்னார்வலரான இளம்பெண் ஒருவர்.

அம்மா, உங்களுக்கு இங்கே உரிமை இருக்கிறது என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கும் வருமான வரம்பு கிடையாது; இந்தப் பிரிவுகளில் அடங்காத ஆண்களுக்கு வரம்பு உண்டு. அலுவலகத்துக்கு வர முடியாதவர்கள் 15100 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். மதுரையிலேயே மனுப் போட்டுவிடலாம் என்று நான் எண்ணியிருந்தபோது, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, வீண் அலைச்சலிலிருந்து என்னைக் காத்தவரும் அவரே. தங்கையே, நீ எழுதிக் கொடுத்த அந்தத் தாளை இன்று வரை நான் பலருக்கு நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து, சட்ட உதவியின் வழியாக எனக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரியது. ஏனென்றால், எனக்குச் சாதகமான தீர்ப்பைக் காட்டிய கையோடு பாதகமான தீர்ப்பையும் அவர் படிக்க வைத்தார். உச்ச நீதிமன்றத்தில் 2017 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஏ.கே. சிக்ரி எழுதிய தீர்ப்பு முதலாவது. இரண்டு வயது நிறைவதற்கு முன்பிருந்தே தந்தையிடம் வளர்ந்த சிறுமி அவரோடு இருக்கவே விரும்புவதாகச் சொன்னபோதும், நினைவறிந்த நாளிலிருந்து தாயோடு வாழ்ந்திராத குழந்தையின் அந்த விருப்பத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்று கூறி, தாயிடம் ஒப்படைக்கச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவை அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. ஒரு பெற்றோர் மற்றவருக்கு எதிராகப் பிள்ளையின் மனத்தைத் திருப்பும்போது, வெல்லவே முடியாத ஒரு விசுவாசப் போட்டியின் நடுவே அந்தப் பிள்ளை நிறுத்தப்படுகிறது என்று அதில் சொல்லப்பட்டிருந்ததைப் படித்து நான் அழுதேன். என் துன்பத்தை அறிந்தவர்கள் எழுதியது போலவே இருந்தது.

நான் அழுது முடித்த பிறகு, வழக்கறிஞர் 2024 மே 8ஆம் நாள் தீர்ப்பை எடுத்து வைத்தார். நீதிபதிகள் விக்ரம் நாத், சதீஷ் சந்திர சர்மா அமர்வு வழங்கியது அது. அங்கேயும் பிள்ளைகள் தந்தையிடம் வளர்ந்தார்கள். அங்கேயும், பிள்ளைகளின் மனத்தைத் தனக்கு எதிராகத் தந்தை திருப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டைத் தாய் முன்வைத்தார். ஆனால், குறிப்பிட்ட நடத்தைகளைச் சான்றோடு காட்டாமல் ஒரு பெற்றோர் மீது அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், பிள்ளைகளைத் தந்தையிடமே விட்டு, தாய்க்குச் சந்திக்கும் உரிமையை மட்டும் வழங்கியது. இரண்டையும் ஒரே நாளில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட தெளிவு, வழக்கு முழுவதற்கும் போதுமானதாக இருந்தது. இப்படிப்பட்ட பெரிய முத்திரைகளைக் குத்தி வாதாடாமல், எந்த நாளில் எந்த அழைப்பு எடுக்கப்படவில்லை, பள்ளி விழாவுக்கு யார் எனக்குத் தகவல் தரவில்லை என்பவற்றை மட்டும் நாள் குறித்து எழுதிவருமாறு அவர் பணித்தார். கோபத்தில் எழுதிய வரிகளை அடித்துவிட்டு நடந்ததை மட்டும் எழுதுங்கள் அம்மா என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் இடைக்கால மனுவுக்கு அடித்தளமாக அமைந்தது மூன்றாவதாக அவர் காட்டிய தீர்ப்பு. 2020 ஜனவரி 20 அன்று நீதிபதி தீபக் குப்தா எழுதியது. நேரில் சந்திக்கும் உரிமையோடு தொடர்பில் இருக்கும் உரிமையும் பிள்ளையின் வளர்ச்சிக்கு முக்கியம் என்றும், பெற்றோர் வெவ்வேறு மாநிலங்களிலோ நாடுகளிலோ வாழும்போது பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர் நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் அதனோடு பேச வழி இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. முழுப் பொறுப்பையும் கேட்டுப் போராடுவதற்கு முன்னால் இந்தச் சிறிய வாசலைத் திறப்போம் என்றார் வழக்கறிஞர். காணொலி அழைப்புக்கான உத்தரவு கிடைத்தது இப்படித்தான். இந்திய சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டிலேயே தன் 257ஆம் அறிக்கையில், மணமுறிவுக்குப் பின் பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்குச் சட்டத்தில் இடம் அளிக்கப் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை என்பது என் மனத்தில் தீராத குறையாகவே இருக்கிறது.

மதுரையில் நான் சந்தித்த உளவியலாளருக்கு நன்றி சொல்வதற்கு முன், அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மகள் உங்களைக் கண்டு அஞ்சுவதற்கு உண்மையான காரணம் ஏதேனும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். அது ஏன் முதல் கேள்வியாக இருந்தது என்பதைப் பிறகு பொறுமையாக விளக்கினார். 1985இல் அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர், ஒரு பெற்றோரின் தூண்டுதலால் பிள்ளை மற்றவரை வெறுத்து ஒதுக்குவதை ஒரு நோய்க்குறித்தொகுப்பாக (சிண்ட்ரோம்) முன்வைத்தார் என்றும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு அதை ஒரு நோயாக ஏற்கவில்லை என்றும், பெற்றோரின் உறவுச் சிக்கலால் பாதிக்கப்பட்ட குழந்தை என்ற வகைமை மட்டும் அதில் இடம்பெற்றிருக்கிறது என்றும் சொன்னார். அடிக்கும் தந்தையரும் துன்புறுத்தும் பெற்றோரும் தங்கள் குற்றத்தை மறைக்க இதே வாதத்தைப் பயன்படுத்துவதால், பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் 2023இல் இதைக் கடுமையாக எதிர்த்து அறிக்கை அளித்திருக்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வன்முறையாலோ புறக்கணிப்பாலோ தக்க காரணத்தோடு விலகிய பிள்ளையையும், காரணமின்றி அல்லது காரணத்துக்கு மிஞ்சி வெறுக்கும் பிள்ளையையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்று ஜோன் கெல்லியும் ஜேனட் ஜான்ஸ்டனும் 2001இல் எழுதிய கட்டுரையை எனக்குத் தமிழில் விளக்கியவரும் அவரே.

ஐயா, நீங்கள் என்னை ஒரு நோயாளியின் தாயாகவோ வழக்கின் வாதியாகவோ பார்க்கவில்லை. குழந்தையைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், அவள் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் குறைவாகப் பேசாதீர்கள், அவள் சொல்வது பொய்யென்று மெய்ப்பிக்க முயலாதீர்கள், அவள் இன்று என்ன படித்தாள், எந்தத் தோழியோடு சண்டை போட்டாள் என்பதைக் கேளுங்கள் என்று நீங்கள் சொன்னவை கேட்க எளிமையாகவும் கடைப்பிடிக்க மிகக் கடினமாகவும் இருந்தன. அந்தக் குழந்தைக்குத் தேவைப்படுவது உங்களை நேசிக்க ஓர் அனுமதி, அந்த அனுமதி அவள் வாழும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றும் சொன்னீர்கள். அந்த வாக்கியத்தின் பொருளை இந்த மடலின் இறுதியில் நான் நன்றி கூறுபவரிடம்தான் கண்டேன்.

குடும்ப நல நீதிமன்றத்தின் ஆலோசகர், எங்கள் சந்திப்புகளை நீதிமன்ற அறையிலிருந்து பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தார். கறுப்பு அங்கிகளும் வாய்தாவுக்குக் காத்திருக்கும் கூட்டமும் இல்லாத இடத்தில்தான் என் மகள் முதன்முறையாக என் அருகில் வந்து அமர்ந்தாள். அவருக்கு என் வணக்கம். அவளுடைய வகுப்பாசிரியை, நீதிமன்ற உத்தரவைப் பார்த்தபின் அவளுடைய படிப்பு விவரங்களை எனக்கும் அனுப்பத் தொடங்கினார். அதற்காக அவர் என்னிடம் எந்த விளக்கமும் கேட்கவில்லை, யார் பக்கமும் பேசவில்லை. அவருக்கும் என் நன்றி.

பெயர் தெரியாத ஒருவர் என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி 2022 அக்டோபர் முதல் இயங்கிவருகிறது. 14416 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மகளின் பிறந்தநாள் இரவில், என் வாழ்வுக்கு இனி என்ன பொருள் என்று எண்ணிய ஒரு நேரத்தில் நான் அந்த எண்ணை அழைத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் அறிவுரை எதுவும் சொல்லாமல், உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நெடுநேரம் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். அம்மணி, நீங்கள் யாராக இருந்தாலும், அன்றிரவு என்னைக் காத்தவர் நீங்கள். இதே நிலையில் இருக்கும் எவரும் அந்த எண்ணை அழைக்கத் தயங்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

காந்தி அருங்காட்சியக வளாகத்து மரநிழலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் சிறிய குழுவினருக்கும் நன்றி சொல்ல வேண்டும். தாய்மார்களும் தந்தைமார்களும், பேத்தியைக் காணாமல் தவிக்கும் உசிலம்பட்டித் தாத்தா ஒருவரும் அதில் உண்டு. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பழிக்கும் இடங்களுக்குப் போய் மனம் வெதும்பியிருந்த எனக்கு, இங்கே இல்லாதவரை ஏசக் கூடாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு பேசும் இவர்கள் பெரும் ஆறுதலாக அமைந்தார்கள். புதிதாக வந்த ஒரு தந்தை தம் வீட்டில் நடந்தவற்றைச் சொல்லச் சொல்ல, உங்கள் பிள்ளை அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது, முதலில் நீங்கள் ஆலோசகரைப் பாருங்கள் என்று அந்தத் தாத்தா அவரிடம் மென்மையாகச் சொன்னதை நான் கண்டேன். துன்பப்படுபவரின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் அந்தத் துணிவு இருப்பதால்தான் இந்தக் குழுவை நான் நம்புகிறேன். தாத்தா, உங்கள் பேத்தி விரைவில் உங்களிடம் வரட்டும்.

இறுதியாக என் நாத்தனாருக்கு, என் கணவரின் அக்காவுக்கு. மதினி, நீங்கள் உங்கள் தம்பியை ஒருபோதும் என்னிடம் விட்டுக்கொடுக்கவில்லை; அப்படி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நானும் கேட்டதில்லை. ஆனால், என் பெயரைச் சொல்வதே தவறு என்று ஆகிவிட்ட ஒரு வீட்டில், உங்க அம்மாவுக்கும் இந்தப் புளிக்குழம்புதான் பிடிக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் இயல்பாகச் சொல்லி, என்னை அவள் நினைவில் வைத்திருந்தவர் நீங்கள். காணொலி அழைப்பு வந்த முதல் நாள்களில் அவள் பேசத் தயங்கியபோது, அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார், அத்தை பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லி அவள் அருகிலேயே அமர்ந்திருந்தீர்கள். உங்கள் தம்பியிடமும் நீங்கள்தான் பேசினீர்கள் என்று பின்னர் அறிந்தேன். நீதிமன்ற உத்தரவால் அந்தக் கருவியை அவள் கையில் கொடுக்க வைக்க முடிந்தது. அவள் வாய் திறந்தது உங்களால். இன்று அவள் பள்ளிக் கதைகளை முழுவதும் சொல்கிறாள். சில நாள் பேச விருப்பமில்லை என்று வைத்துவிடுகிறாள். அதையும் நான் ஏற்றுக்கொள்ளப் பழகிவருகிறேன்.

வரும் கோடை விடுமுறையில் ஒரு வாரம் அவள் மதுரையில் என்னோடு தங்குவதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவளை நீங்களே அழைத்து வருவதாகச் சொன்னீர்கள். விட்டுவிட்டு உடனே திரும்பிவிடாமல், அந்த வாரம் முழுவதும் நீங்களும் எங்கள் வீட்டில் தங்கிச் செல்ல வேண்டும் என்று உங்களை அன்போடு அழைக்கிறேன்.

நன்றியுடன்,
மதுரையிலிருந்து ஒரு தாய்