தோல் சப்பாத்து கட்டாயம் என்று அறிவித்த நம் மலையேறும் குழுவின் செயற்குழுவுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே,

போன புதன்கிழமை இரவு நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து கணுக்காலுக்கு மேலே வரும் தோல் சப்பாத்து போட்டவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வரலாமாம், ரப்பர் சப்பாத்தோ ஓட்டப்பந்தய சப்பாத்தோ போட்டு வந்தால் கொடிமலைப் பாதை தொடங்கும் மூன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவீர்களாம். கீழே முப்பது பேருக்கு மேல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நான் காட்டவில்லை. குழுவிலேயே பதில் எழுதலாம் என்று ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

காரணம் என்று நீங்கள் சொன்னது ஒரே வரிதான்: தோல் சப்பாத்து வசதியானது, பாதுகாப்பானது, ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் உழைக்கும். முதல் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். மூன்றாவதைப் பற்றி நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் அதை அப்படியே நம்பி நடுமலையில் நின்றவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குத் தோல் சப்பாத்து பிடிக்கும். 2013இல் ஒரு ஜோடி வாங்கினேன், 480 வெள்ளி (ரிங்கிட்), வீட்டில் 200 என்று சொல்லி வைத்திருந்தேன் (இன்றைக்குத்தான் உண்மை வெளியே வருகிறது). முதல் மூன்று வாரம் அது என்னைப் படுத்திய பாடு எனக்கும் என் குதிகாலுக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தேன், அப்புறம் தாவரவியல் பூங்காவைச் சுற்றினேன், அப்புறம்தான் கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை. மூன்றாவது மாதம் ஒருநாள் திடீரென்று காலில் சப்பாத்து இருப்பதே மறந்துபோனது. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் என் சுண்டுவிரல் புடைப்புக்கு அங்கே ஒரு குழி, குதிகாலுக்கு ஒரு கிண்ணம், வெளியே விரல்கள் மடங்கும் இடத்தில் இரண்டு கோடு. வேறு யார் போட்டாலும் கடிக்கும், எனக்கு மட்டும் கடிக்காது. துணியிலும் நைலானிலும் செய்தது எதுவும் இப்படிக் காலைக் கற்றுக்கொள்ளாது.

ஆனால் அது எல்லாத் தோலுக்கும் வராது. மாட்டுத்தோலைப் பதனிட்டு, கனத்தில் இரண்டாகப் பிளப்பார்கள். மயிர் இருந்த மேல்பக்கம்தான் முழுத்தோல், அங்கே நார்கள் நெருக்கிப் பின்னியிருக்கும், தண்ணீர் சட்டென்று இறங்காது, பிரம்பு முள் கிழிக்காது. கீழ்ப்பாதி பஞ்சு மாதிரி, ஸ்வேட் என்று விற்பதில் பெரும்பாலும் அதுதான். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு அடித்து முழுத்தோல் போலவே பளபளவென்று விற்பதும் உண்டு, அதன் மேலும் 'உண்மையான தோல்' என்று போட்டிருப்பார்கள். பதனிடுவதிலும் வித்தியாசம் இருக்கிறது. குரோமியம் ஒரு நாளில் முடித்துவிடும் வேலையை மரப்பட்டை வாரக்கணக்கில் செய்யும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத்தான் பதனிட்டார்கள், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இன்றும் தோல்தான் பிழைப்பு. உங்கள் அறிவிப்பில் வெறுமனே 'தோல்' என்று போட்டால் நம் ஆட்கள் எதை வாங்கி வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? 90 வெள்ளிக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான்.

சரி, நடுமலைக் கதைக்கு வருகிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சப்பாத்தைத் துடைத்து, மெழுகு போட்டு, வாங்கிய பெட்டியிலேயே வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். மலை திறந்தும் முழங்கால் வலியால் நான் போகவில்லை. 2022 கடைசியில் இறக்கினேன், மேலே லேசாகப் பூஞ்சணம், வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்ததும் போய்விட்டது, தோல் புதிது போல் இருந்தது. அன்று மூன் கேட் வழியாக ஏறி 84 என்கிற நடுவழி நிறுத்தத்தில் தேநீர் குடித்து, ஜீப் பாதையில் இறங்கும்போது வலது காலில் ஏதோ சேறு ஒட்டியது போல் இருந்தது. குனிந்து பார்த்தால் குதிகால் பக்கம் சோல் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. இழுத்துப் பார்த்தேன், முழுதாகக் கையோடு வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் இடது கால். பின்னால் திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழி முழுக்க சாம்பல் நிறத் துணுக்குகள், காய்ந்த கேக்கை உதிர்த்துவிட்ட மாதிரி. ஒரு சீன ஆண்ட்டி பையிலிருந்து ராஃபியா என்கிற பிளாஸ்டிக் கயிறு எடுத்துக் கொடுத்தார். தீபாவளிப் பலகாரப் பொட்டலம் போல இரண்டு காலையும் கட்டிக்கொண்டு இறங்கினேன். அந்த ஜீப் பாதையின் செங்குத்து உங்களுக்குத் தெரியும், அதில் சோல் இல்லாமல் இறங்குவது எப்படி இருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் ஜார்ஜ்டவுனில் சப்பாத்து தைக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் சோலைப் பார்க்கவே இல்லை, சோலுக்கும் தோலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பட்டையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் உள்ளே போய்விட்டது. எடுத்தபோது பொடிப் பொடியாக மேசையில் கொட்டியது.

"தோலு இன்னும் இருபது வருசம் இருக்கும் தம்பி. நடுவுல இருக்கிறதுதான் செத்துப்போச்சு. போட்டுக்கிட்டே இருந்தாலும் சாவும், போடாம வச்சிருந்தாலும் சாவும்."

அது பாலியூரித்தேன் நுரை. நடக்கும்போது மெத்தென்று இருப்பதற்காகப் பல நல்ல கம்பெனிகளே வைக்கும் பொருள், கனமான மூட்டையைத் தாங்கும், சீக்கிரம் தட்டையாகாது. ஆனால் பல வகைகளில் காற்றிலுள்ள ஈரமே உள்ளே போய் அதன் இணைப்புகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடும், வெப்பம் கூடினால் வேகமும் கூடும். குளிர்தேசத்தில் எட்டுப் பத்து வருடம் ஓடுவது, சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் பினாங்கில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் என்ன கதியாகும் என்பதற்கு நானே சாட்சி. ஈவிஏ என்கிற இன்னொரு வகை நுரை இப்படி உதிராது, அழுந்தித் தட்டையாகும், அவ்வளவுதான். கடையில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆக, பத்து வருடம் உழைப்பது தோல். சப்பாத்து உழைக்குமா என்பது அதன் அடியில் இருப்பதைப் பொறுத்தது. சோலைச் சுற்றிக் கரை வைத்துத் தைத்த சப்பாத்தாக இருந்தால் பிரித்து மாற்றலாம். வெறும் பசையில் ஒட்டியதை மாற்றத் தெரிந்தவர் நம் ஊரில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அந்தப் பெரியவர் எனக்கு ரப்பர் சோல் வைத்து, சுற்றித் தைத்து, 90 வெள்ளி வாங்கினார். முன்பிருந்த மெத்தென்ற சுகம் இல்லை, ஆனால் உதிரவும் இல்லை, இன்றும் அதில்தான் நடக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மலைச் சப்பாத்தில் அடியும் தோல்தான், பிடிமானத்துக்கு அதில் இரும்பாணி அடித்திருப்பார்கள். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் விட்டாலே பிரமானி என்பவருடன் ஏறியவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள், காலில் இருந்தது சரியில்லாததும் ஒரு காரணம் என்று நினைத்த அவர், 1937இல் பள்ளம் பள்ளமாக வெட்டிய ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். விப்ராம் என்று மஞ்சள் முத்திரையோடு இன்று எல்லாரும் தேடி வாங்குவது அதைத்தான். அந்த வருடங்களில் உலகச் சந்தைக்கு ரப்பர் அனுப்பியதில் முன்னால் நின்றது மலாயா. அந்த மரத்தைச் சீவியது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் 'ரப்பர் சப்பாத்து போட்டு வந்தால் திருப்பி அனுப்புவோம்' என்ற வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இருட்டில் எழுந்து, தோளில் காண்டாக் கம்பில் தொங்கும் பால் வாளியோடு, அட்டை ஊரும் புல்லில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கியது அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தில்தான். இன்று அதையே கம்போங் அடிடாஸ் (கிராமத்து அடிடாஸ்) என்று கிண்டலாகப் பெயர் வைத்து, தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான குனோங் தஹான் மலை வரைக்கும் போட்டுக்கொண்டு போகிறார்கள் மலாய்க்கார வழிகாட்டிகள். இருபது வெள்ளிக்குள் வாங்கிவிடலாம், முழுக்க ஒரே ரப்பர், பிரிந்துவர நடுவில் ஒன்றும் இல்லை. ஆற்றில் இறங்கி ஏறினால் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடையைக் கட்டலாம். குறை இல்லாமல் இல்லை, கூர்க்கல் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரியும், நீளமான காலுறை இல்லாவிட்டால் உரசிப் புண்ணாகும், நாற்றத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் சேற்றில் அதன் பிடிப்பு என் 480 வெள்ளிக்குக் கிடையாது.

வசதி என்றீர்களே, அதற்கும் வருகிறேன். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் பந்தாய் கெராச்சுட் போகிற வழியில் மழை பிடித்துக்கொண்டால், உயரமான தோல் சப்பாத்துக்குள் மேல்வழியாகத் தண்ணீர் இறங்கும், வெளியேற வழி கிடையாது, ஒவ்வொரு காலும் ஒரு வாளி. தண்ணீர் புகாத சவ்வு வைத்தது இன்னும் மோசம், வெளியேயும் வெக்கையும் ஈரமும் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் வியர்வை எங்கே போகும்? முழுக்க நனைந்தால் காய இரண்டு நாளாவது ஆகும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும், பசையும் விடும். கம்யூனிஸ்ட் போராட்ட காலத்தில் இந்தக் காட்டில் அலைந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கே கான்வாஸும் ரப்பரும் சேர்ந்த காட்டுச் சப்பாத்துதான் கொடுத்தார்கள்.

அப்புறம் கோயில். கொடிமலை உச்சியில் நாம் ஒவ்வொரு தடவையும் முருகன் கோயிலுக்குப் போகிறோம். நீங்களெல்லாம் உள்ளே போய், கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வரும்போதும் நான் வாசலில் உட்கார்ந்து இரண்டாவது காலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பேன், கவனித்திருப்பீர்கள். இனி நாற்பது பேரும் அப்படி உட்கார்ந்தால் அர்ச்சகர் நடை சாத்திவிடுவார். நம் குழுவில் சைவமாக இருக்கும் ஓர் அம்மா தோல் பையே வைத்துக்கொள்வதில்லை, அவரிடம் யாராவது கேட்டீர்களா? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் 513 படியையும் வெறுங்காலோடு ஏறுகிற கூட்டம் நாம், நமக்குள் இப்படி ஒரு சட்டம்.

போன ஆகஸ்டில் ஒருவர் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியதால்தான் இந்த முடிவு என்று கேள்விப்பட்டேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சப்பாத்தை நான் பார்த்தேன், சோல் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. இந்த மலை கருங்கல் மலை, பாசி பிடித்த ஈரக்கல்லில் தேய்ந்த சோல் எதுவானாலும் வழுக்கும், மேலே தோலா துணியா என்று கல் பார்க்காது.

என் வேண்டுகோள் இதுதான். கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். பதிலாக, நடை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒருவர் காலை ஒருவர் பார்ப்போம்: சோலில் பள்ளம் மிச்சமிருக்கிறதா, ஓரத்தைக் கையால் இழுத்தால் வாய் திறக்கிறதா, நடுப்பட்டையில் நகத்தால் அழுத்தினால் பொடி வருகிறதா என்று. வருடக்கணக்கில் போடாமல் வைத்திருந்ததை எடுத்து வருபவர் முதலில் பூங்காவைச் சுற்றட்டும். தோல்தான் வேண்டும் என்பவர்களுக்கு நானே கூட வருகிறேன், மாலையில் போவோம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில். மலைக்குப் போடுகிற அதே காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். அந்த இடம் விடாமல் வாங்கி ஜீப் பாதையில் இறங்கியதில் என் பெருவிரல் நகம் கறுத்து, மூன்று மாதம் கழித்து விழுந்தது. வாங்கிய பிறகு பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு நடைக்கும் பிறகு உள்விரிப்பை வெளியே எடுத்து, பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். காரின் பின்பக்கப் பெட்டியில் மட்டும் வேண்டாம், மதியத்தில் அது அடுப்பு.

ஞாயிறு காலை ஆறரைக்கு வழக்கம்போல மூன் கேட்டில் இருப்பேன். அந்தப் பழைய சோல் இரண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், பையில் கொண்டுவருகிறேன், ராஃபியா கயிறு இன்னும் அதிலேயே இருக்கிறது. காலில் எது இருக்கும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, வானத்தைப் பார்த்துவிட்டுத்தான்.

இப்படிக்கு,
எப்போதும் கடைசி வரிசையில் வருபவன்
ஆயர் ஈத்தாம், பினாங்கு