செவீயாவில் நான்கு வாரம்: கிளம்புமுன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரி 15 முதல் மார்ச் 14 வரை ஜெர்மனியில் உள்ள நம் தொழிற்கல்விப் பள்ளியிலிருந்து பதினான்கு பேர் ஸ்பெயினின் செவீயா நகருக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். சமையல் பிரிவில் ஐந்து பேர், ஓட்டல் பிரிவில் நான்கு, மின்பணியில் மூன்று, தச்சுவேலையில் இரண்டு. டிக்கெட், தங்கும் வீட்டின் முகவரி, வேலையிடத்தின் விவரம் எல்லாம் அலுவலகத்திலிருந்து தனியாக வரும். அவற்றில் எழுத முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் மூன்றாவது வாரத்தில் நானும் செவீயாவுக்குப் போயிருந்தேன், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க. அதில் ஒரு மாணவி சமையல் பிரிவு. இங்கே வகுப்பில் முதல் வரிசை. கத்தியைப் பிடித்தால் வெங்காயம் ஒரே அளவில் விழும். அங்கே முதல் பத்து நாள் அவளுக்குக் கொடுத்த வேலை பூண்டு உரிப்பது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். என்ன நடந்தது என்று விசாரித்தபோது எனக்கே ஒரு பாடம் கிடைத்தது.

காலையில் வந்ததும் அவள் நேராகத் தன் இடத்துக்குப் போய் வேலையை ஆரம்பித்திருக்கிறாள். இங்கே ஜெர்மனியில் நாம் அதைச் சுறுசுறுப்பு என்போம். அங்கே, உள்ளே வந்ததும் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லி, இரவு நன்றாகத் தூங்கினாயா என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் ஏப்ரனைக் கட்டுவார்கள். பேசாமல் வேலையைத் தொடங்குகிறவருக்கு ஏதோ மனக்குறை என்று நினைத்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு நம்மைப் பிடிக்கவில்லை போல, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவர்களும் நல்லெண்ணத்தோடு ஒதுங்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று. ஸ்பானியச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் ஆர்டரைக் கூவுவார். கேட்டவர்கள் எல்லோரும் 'ஒயீதோ' என்று திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். 'காதில் விழுந்தது' என்று பொருள். இவள் தலையை ஆட்டியிருக்கிறாள். அடுப்பைப் பார்த்து நிற்கிறவருக்கு முதுகுக்குப் பின்னால் ஆடும் தலை எப்படித் தெரியும்? இரண்டு தரம் கூவிப் பார்த்துவிட்டு வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னது அவள் தங்கியிருந்த வீட்டு அம்மாதான், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

நான் போனபோது அவள் மீன் பொரிக்கும் சட்டியின் முன்னால் நின்றிருந்தாள். ஆலிவ் எண்ணெயில் சின்ன நெத்திலிகள். ஆர்டர் விழுந்ததும் 'ஒயீதோ!' என்று ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், அந்தக் குரலை நான் இந்தப் பள்ளியில் மூன்று வருடத்தில் கேட்டதே இல்லை.

அதனால் இந்த வருடத் தயாரிப்பை வாயிலிருந்து தொடங்கியிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மாலை ஸ்பானிய வகுப்பு நடக்கிறது; தயவுசெய்து அனுப்பிவையுங்கள். இலக்கணம் முழுதும் வர வேண்டாம். வேலையிடத்துக்கு மூன்று வாக்கியம் வாயில் தயங்காமல் வந்தால் போதும். 'நோ லோ எந்தியெந்தோ', எனக்குப் புரியவில்லை. 'மே லோ ரெப்பீதெஸ்?', இன்னொரு தரம் சொல்கிறாயா? மூன்றாவது, 'கே ஆகோ அஓரா?', இப்போது நான் என்ன செய்யட்டும்? புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டுவது சமையலறையில் ஒரு தட்டைக் கெடுக்கும். மின்பணியில் உயிருக்கே ஆபத்து. வயர்களின் நிறம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், பச்சை மஞ்சள் எர்த், நீலம் நியூட்ரல். ஆனால் மெயின் அணைத்தாயிற்றா இல்லையா என்பதை நிறம் சொல்லாது, வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும்.

மொழியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போன் ஆப்பில் கேட்கிற ஸ்பானியம் வேறு, செவீயாவில் காதில் விழுவது வேறு. செவீயா இருக்கும் அந்தலூசியா மாநிலத்தில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுவார்கள். 'புவெனோஸ் தீயாஸ்' அங்கே 'புவெனோ தீயா' ஆகிவிடும். முதல் நாள் ஒன்றும் புரியவில்லை என்று பிள்ளை போனில் சொன்னால் பதறாதீர்கள். ஒரு வாரத்தில் காது பழகிவிடும். அப்புறம் இந்த நீ, நீங்கள் விஷயம். அங்கே பட்டறையிலும் சமையலறையிலும் முதலாளியையே 'தூ', அதாவது நீ, என்றுதான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். ஜெர்மனில் 'ஸீ', அதாவது நீங்கள், என்று பழகிய நம் பிள்ளைகளுக்கு அது கூச்சமாக இருக்கும். ஓட்டல் பிரிவில் போகிறவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். வயதான விருந்தினர்களிடம் 'உஸ்தெத்' என்ற மரியாதைச் சொல்லே சரி.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிப் பல பெற்றோர் கேட்டிருந்தீர்கள். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து மூன்று மணிக்குள், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குப் பிறகு. இதைச் சோம்பேறித்தனம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; அது தவறு. ஸ்பெயின் இருப்பது பிரிட்டனுக்கு நேர் தெற்கே. ஆனால் 1940இல் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றினார்கள், இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் செவீயாவில் காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எழும். கடிகாரம் சொல்கிற இரண்டு மணி அங்கே வெயில் கணக்கில் நடுப்பகலை ஒட்டித்தான் வருகிறது. அதனால் காலை பதினொரு மணி வாக்கில் ரொட்டியில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டு ஒரு சிற்றுண்டி சாப்பிடுவார்கள். உங்கள் பிள்ளையும் கூடவே போகட்டும். வேலை இருக்கிறது என்று தனியே நிற்க வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் எழுந்து தட்டைக் கழுவப் போவது நம் வீடுகளில் நல்ல பழக்கம். அங்கே சாப்பாடு முடிந்தபின்தான் பேச்சே தொடங்கும். அதற்கென்று 'சொப்ரெமேசா' என்று ஒரு சொல்லே இருக்கிறது. மேசா என்பது மேசைதான். தமிழுக்கு அந்தச் சொல் போர்த்துகீசியர் வழியாக வந்தது. அரை மணியோ ஒரு மணியோ, காலித் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மேலே சொன்ன மாணவிக்கு வழி பிறந்தது அந்த மேசையில்தான். போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகிற பிள்ளைக்கு அது கிடைக்காது. இப்போதிலிருந்தே வாரத்தில் ஓரிரு நாள் சாப்பாட்டு மேசையில் போன் இல்லாமல் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து பேசுங்கள். நான் உங்களிடம் கேட்கும் வீட்டுப்பாடம் இது ஒன்றுதான்.

பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு: இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித்தொடை இறைச்சியான ஹாமை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர்கள் நிறைய உண்டு. குளிர்ந்த தக்காளிக் குழம்பின் மேலே தூவுவார்கள், பயறுக் குழம்பில் தொத்திறைச்சியாக மிதக்கும். 'சின் ஹமோன்', ஹாம் இல்லாமல், என்று தனியாகச் சொல்ல வேண்டும். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சமைக்கிற ஒரு பதார்த்தம் செவீயாவின் சொந்தச் சரக்கு. எந்தத் தெருவிலும் கிடைக்கும், வயிறு நிறையும்.

இனி பெட்டி. ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைத்துப் போன வருடம் பாதிப் பேர் மெல்லிய சட்டைகளோடு வந்துவிட்டார்கள். பகலில் தெருவில் இதமாகத்தான் இருக்கும், மார்ச்சில் ஆரஞ்சு மரங்கள் பூத்து ஊரே மணக்கும். குளிர் வீட்டுக்குள்ளேதான். அந்தலூசியாவின் வீடுகள் கோடை வெயிலைத் தாங்கக் கட்டியவை: கல் தரை, தடித்த சுவர். நம் வீடுகளில் இருப்பதுபோல் எல்லா அறைக்கும் ஹீட்டர் பல வீடுகளில் கிடையாது. அதற்கு அவர்கள் செய்கிற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரு வட்ட மேசை, தரைவரை தொங்கும் கனமான துணி, அடியில் 'பிரசேரோ' என்ற ஹீட்டர். முன்பெல்லாம் கரி, இப்போது மின்சாரம். துணியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு எல்லோரும் காலை உள்ளே நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டில் சூடான இடம் அது ஒன்றுதான், ஆகவே குடும்பம் முழுதும் அங்கேதான் இருக்கும். எனவே கம்பளிக் காலுறை, வீட்டுச் செருப்பு, ஒரு தடித்த ஸ்வெட்டர். பிளக் பாயிண்ட் இங்கே ஜெர்மனியில் இருப்பது மாதிரியேதான், அடாப்டர் வாங்க வேண்டாம். சில வீடுகளில் வெந்நீர் ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டரிலிருந்து வரும்; அது தீர்ந்தால் வெந்நீர் நின்றுவிடும். குளியலைச் சுருக்கமாக முடிக்கச் சொல்லுங்கள். பாதுகாப்புக் காலணியும் வேலை உடையும் எல்லாப் பிரிவினரும் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது, நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். ஜெர்மனியில் பதினாறு வயதில் பியரும் ஒயினும் வாங்கலாம். ஸ்பெயினில் பதினெட்டு வயதாகாதவர்களுக்கு எந்த மதுவும் கிடையாது. அந்தலூசியாவில் தெருவிலும் சதுக்கத்திலும் கூடி நின்று குடிப்பது பெரியவர்களுக்கே தடை. குழுவில் ஆறு பேருக்குப் பதினெட்டு ஆகவில்லை. 'வீட்டில் அனுமதி உண்டு' என்பது அங்கே செல்லாது. மீறினால் உடனே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், எனக்கு அதில் விருப்பமே இல்லை. இதை நீங்கள் நேராக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். என் வாயிலிருந்து வருவதைவிட உங்கள் வாயிலிருந்து வந்தால் அதற்கு எடை அதிகம். அதேபோல் பதினெட்டு ஆகாத இந்த ஆறு பேருக்கு அங்கே இரவு பத்து மணிக்கு மேல் வேலை கொடுக்கச் சட்டம் இடம் தராது. பத்துக்கு மேல் இருக்கச் சொன்னால் கூட வரும் ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணம், காகிதம் பற்றிச் சுருக்கமாக. பயணத்துக்கும் தங்குவதற்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் பிளஸ் திட்டத்திலிருந்து உதவித்தொகை வருகிறது. ஜெர்மனியின் தொழிற்கல்விச் சட்டம், பயிற்சிக் காலத்தில் நான்கில் ஒரு பங்கு வரை வெளிநாட்டில் கழிக்க இடம் கொடுக்கிறது. அந்த நாட்களும் பயிற்சிக் கணக்கில் சேரும், மாதச் சம்பளமும் நிற்காது. இங்கே பிள்ளை சம்பளத்தோடு பயிற்சி பெறும் இடத்து முதலாளி தயங்கினால் என்னிடம் சொல்லுங்கள், நானே பேசுகிறேன். முடிந்ததும் என்னென்ன வேலை கற்றார்கள் என்று எழுதிய யூரோபாஸ் சான்றிதழ் கிடைக்கும். பொதுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை; காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். அது அரசு மருத்துவ நிலையங்களில்தான் செல்லும், தனியார் கிளினிக்கில் செல்லாது. அவசர எண் அங்கேயும் 112. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாத பிள்ளைகளின் பெற்றோர் இந்த வாரமே அலுவலகத்துக்கு வாருங்கள். பெரும்பாலும் தீர்க்கக்கூடிய விஷயம்தான், ஆனால் நேரம் பிடிக்கும். காகிதத்துக்காக ஒரு பிள்ளை பின்தங்குவதை நான் விரும்பவில்லை. பிப்ரவரி 28 அந்தலூசியா நாள், விடுமுறை. வேண்டியதை முந்தின நாளே வாங்கி வைக்கட்டும்.

கடைசியாக, உங்களைப் பற்றி. முதல் வாரத்தில் இரவு போன் வரும். குளிர்கிறது, சாப்பாடு லேட், யாரும் பேசமாட்டேன் என்கிறார்கள். கேட்கும்போது மனம் கலங்கும். நானும் ஒரு மகனை இப்படி அனுப்பியவன்தான். உடனே வேலையிடத்துக்கோ அந்த வீட்டு அம்மாவுக்கோ நீங்கள் போன் செய்யாதீர்கள். 'அவர்களிடம் கேட்டாயா?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். இல்லை என்றால், நாளைக்குக் கேட்டுவிட்டுச் சொல் என்று போனை வையுங்கள். உடம்புக்கு முடியவில்லை, பயமாக இருக்கிறது, யாரோ தவறாக நடந்துகொண்டார்கள் என்றால் மட்டும் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்க வேண்டாம். கூட வரும் ஆசிரியரின் எண்ணும் என் எண்ணும் விவரத் தாளில் இருக்கும், எந்த நேரமானாலும் எடுப்போம்.

ஜனவரி 20ஆம் தேதி மாலை ஆறு மணிக்குப் பள்ளிச் சமையற்கூடத்தில் கூடுகிறோம். போன வருடம் போய்வந்த மாணவர்கள் அந்தக் கீரை கொண்டைக்கடலையைச் சமைத்துப் பரிமாறுகிறார்கள். பெற்றோர் சம்மதப் படிவத்தைக் கையெழுத்திட்டு அன்றைக்கே கொண்டுவாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. சாப்பிட்டதும் யாரும் எழுந்துவிட வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்