பாடக்குறிப்புல கடைசியா எழுதுற கேள்விய முதல்ல எழுத விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டீச்சருங்க பாடக்குறிப்பு எழுதறதெல்லாம் வெட்டி வேலை, அந்த நேரத்துல பிள்ளைங்களுக்கு நாலு கணக்கு கூடுதலா சொல்லிக் குடுக்கலாம்னு உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு. நான் ஒரு நடுநிலைப் பள்ளில ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் கணக்கு எடுக்கிறேன், அவரு சொன்னதுல பாதிய அப்படியே ஒத்துக்குவேன். மீதிப் பாதிக்கு தான் இந்த லெட்டர்.

இப்ப பாடக்குறிப்பு எப்படித் தயாராகுதுன்னு வெளில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலைல ப்ரேயருக்கு முன்னாடி எச்எம் டேபிள்ல நோட்டு போய்ச் சேரணும். புத்தகத்தத் தொறந்து, இந்த வாரத்துக்கு எத்தன பீரியடு, எத்தன பக்கம்னு வகுத்துப் போடுவோம், அப்புறம் ஒரு ஆக்டிவிட்டி, ஒரு சார்ட்டு, புத்தகத்துல இருக்கிற க்யூஆர் கோடு வீடியோ ஒண்ணு, கடைசில மதிப்பீடுன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல பயிற்சி கணக்குலேர்ந்து ரெண்ட எடுத்து எழுதிடுவோம், கற்றல் விளைவுன்னு மேல இருக்கிற கட்டத்த கையேட்டப் பாத்து கோட் நம்பரோட காப்பி பண்ணிடுவோம். அதாவது எங்க போய்ச் சேரணும்ங்கறத எல்லாம் முடிவான பிறகு நிரப்புறோம். பந்திக்கு எத்தன பேருன்னு கேக்காம உலை வைக்கிற மாதிரி தான்.

இத திருப்பிப் போட்டு யோசிக்கணும்னு சொன்னவங்க இன்னிக்கு நேத்து ஆளுங்க இல்ல. 1949லயே ரால்ஃப் டைலர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் பாடத்திட்டம் போடறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியதுன்னு நாலு கேள்வி வெச்சாரு, அதுல முதல் கேள்வியே என்ன நோக்கத்துக்காக நடத்துறோம்ங்கறது தான். அதுக்கு அப்புறம் 1998ல விக்கின்ஸ், மெக்டைனு ரெண்டு அமெரிக்கக் கல்வியாளருங்க அத டீச்சருங்க கைல புடிச்சு வேலை பாக்கற மாதிரி மூணு படியா ஆக்குனாங்க. பாடம் முடியும்போது பிள்ளைக்கு என்ன வரணும்னு முதல்ல முடிவு பண்ணு, அது வந்துருச்சுன்னு எதப் பாத்து நம்புவேன்னு ரெண்டாவது முடிவு பண்ணு, இதெல்லாம் ஆன பிறகு தான் வகுப்புல என்ன செய்யறதுன்னு யோசி. அவ்வளவு தான் விஷயம். கேக்கறதுக்கு ஈஸியா இருக்கும், அந்த ரெண்டாவது படில தான் ஆளு மாட்டிக்கும்.

ஆறாம் வகுப்பு மூணாம் பருவத்துல சுற்றளவு, பரப்பளவு வரும். வழக்கமா நடத்துனா ஃபார்முலா ரெண்டும் போர்டுல, நீளம் 10 மீட்டர் அகலம் 6 மீட்டர்னு குடுத்தா முக்கால்வாசிப் பிள்ளைங்க 32ம் 60ம் சரியாப் போட்டுடும். போட்டது கரெக்ட், டிக்கு அடிச்சாச்சு, பாடம் முடிஞ்சுதுன்னு நோட்டுல எழுதியாச்சு. ஆனா அதே பிள்ளைகிட்ட தோட்டத்துக்கு வேலி போடணும், எத கண்டுபிடிக்கணும்னு கேட்டா, பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியப் பாக்கும், பெருக்கணுமா கூட்டணுமா மிஸ்னு கேக்கும். கணக்குல சுற்றளவு காண்கன்னு எழுதியிருந்தா தான் அதுக்கு வேலையே ஓடும்.

அதனால இந்தப் பாடத்துக்கு நான் முடிவ முதல்ல எழுதிக்கிட்டேன். எது வேணும்னு யாரும் சொல்லாமலே பிள்ளை தானா கண்டுபிடிக்கணும், சுற்றளவு ஒண்ணா இருந்தா பரப்பும் ஒண்ணாத் தான் இருக்கும்ங்கற நெனப்பு உடையணும். சரி, அது நடந்துச்சான்னு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரே ஒரு கேள்வி. 24 மீட்டர் கம்பி இருக்கு, ஆட்டுக்குப் பட்டி கட்டணும், நாலு மூலையும் நேரா இருக்கணும், எப்படிக் கட்டுனா நெறைய ஆடு அடைக்கலாம், ஏன்? இதுக்கு பதில் சொல்ற பிள்ளைக்குப் பாடம் வந்துருச்சு, சொல்லத் தெரியலன்னா ஃபார்முலா ஒப்பிச்சாலும் வரலன்னு அர்த்தம். இத எழுதி வெச்சுட்டுத் தான் பீரியடு பிரிக்கவே உக்காந்தேன்.

அப்படி உக்காந்தா என்ன ஆகுதுன்னா, வேண்டாதது எல்லாம் தானா கழண்டு போயிடுது. கலர் கலரா சார்ட்டு எழுதற வேலை போச்சு. ஒரே மாதிரி இருக்கிற பெருக்கல் கணக்குல பாதி வீட்டுப்பாடமாப் போச்சு. அந்த நேரத்துல கட்டம் போட்ட நோட்டுல 24 வர்ற மாதிரி விதவிதமா செவ்வகம் வரையச் சொன்னேன். 11க்கு 1 வரைஞ்சா 11 கட்டம், 10க்கு 2ன்னா 20, 8க்கு 4ன்னா 32, 6க்கு 6ன்னா 36. எண்ணிப் பாத்துட்டு ஒரு பொண்ணு நம்பவே இல்ல, கம்பி அதே கம்பி தானே மிஸ்னு திரும்பத் திரும்ப ஓரத்த எண்ணுது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் 11க்கு 1 பட்டியப் பாத்துட்டு, இதுல ஆடு உள்ள போனா திரும்பவே முடியாது மிஸ், பின்னாடியே தான் வரணும்னான், கிளாஸே சிரிச்சுது. அவன் வீட்ல ஆடு இருக்கு, அவனுக்கு விடை ஃபார்முலாவுக்கு முன்னாடியே தெரியும்.

இதுக்கு ஒரு மறுப்பு வரும்னு தெரியும். முடிவுலேர்ந்து ஆரம்பிக்கறது என்ன புதுசா, பத்தாங்கிளாஸ்ல அது தானே நடக்குதுன்னு கேப்பாங்க. உண்மை தான், ஆனா அங்க வெச்சிருக்கிற முடிவு கொஸ்டின் பேப்பர். கணக்குப் பேப்பர்ல ஜியோமெட்ரிக்கும் கிராஃபுக்கும் சேத்து 16 மார்க், பாஸுக்கு 35, அதனால மெல்லக் கற்கிற பிள்ளைங்கள உக்கார வெச்சு அந்த ரெண்டையும் கை பழகற வரைக்கும் வரைய விடறோம், பாஸ் பண்ணத் தேவையானத மட்டும் சுருக்கி மினிமம் மெட்டீரியல்னு ஒண்ணக் கைல குடுக்கறோம். அந்த டீச்சருங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன், ரிசல்ட்டுக்கு அவங்க தான் பதில் சொல்லணும். ஆனா தொடுகோடு வரையற பையனுக்கு தொடுகோடுன்னா என்னன்னு தெரியாது, கேட்டா ஸ்டெப்ப சொல்லுவான். கேள்வித்தாள்லேர்ந்து பின்னாடி வர்றதும், பிள்ளைக்கு வர வேண்டியதுலேர்ந்து பின்னாடி வர்றதும் வேற வேற. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா அப்புறம் இலக்கு, விளைவுன்னு சர்க்குலர் வர்ற போதெல்லாம் நமக்கு இன்னொரு ஸ்லிப் டெஸ்ட் தான் ஞாபகம் வரும்.

நம்ம ஊர்ல இது நடக்காத விஷயமும் இல்ல. செயல்வழிக் கற்றல்னு 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளிங்கள்ல ஆரம்பிச்சு அப்புறம் தமிழ்நாடு பூரா ஒண்ணுலேர்ந்து நாலாவது வரைக்கும் வந்துச்சு, பாடத்த ஏணி மாதிரி படிப்படியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் கார்டு இருக்கும், ஞாபகம் இருக்கா? அதுல ஒவ்வொரு படிக்கும் மதிப்பீட்டுக் கார்டு இருக்கும், அதத் தாண்டுனா தான் பிள்ளை அடுத்த படிக்குப் போகும், தாண்டலன்னா குறைதீர் பயிற்சிக்குத் தனியா கார்டு இருக்கும். கார்டு தொலைஞ்சு போச்சு, தட்டு உடைஞ்சு போச்சுன்னு நாங்க பொலம்புனது வேற கதை, ஆனா எங்க போறோம்னு பிள்ளைக்கே தெரிஞ்ச ஏற்பாடு அது. இப்ப சின்ன கிளாஸுங்களுக்கு இருக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளை நிக்கிற எடத்தப் பாத்துப் பிரிக்கறாங்க, அதுவும் நல்லது தான். எங்க மேல் வகுப்புக்கு வரும்போது மட்டும் மறுபடி பக்கக் கணக்குக்கே வந்துடறோம்.

காரணம் ரொம்ப தூரம் தேட வேண்டாம், ஸ்கூலப் பார்வையிட வர்ற அதிகாரிங்க என்ன கேக்கறாங்கன்னு பாத்தா போதும். இந்தத் தேதிக்கு இந்தப் பாடம் முடிஞ்சிருக்கணுமே, ஏன் முடியல? சார்ட்டு எங்க? நோட்டுல எச்எம் கையெழுத்து இருக்கா? இதுக்குத் தான் நாங்களும் தயாராகறோம். மூணாம் பருவத்துல பொங்கல் லீவு, ஆண்டு விழா, விளையாட்டு விழா எல்லாம் போக இருக்கிற நாள்ல முடிவு முக்கியம்னு நெனச்சு ரெண்டு பயிற்சிய விட்டேன்னா நான் போர்ஷன் முடிக்காத டீச்சர். எந்த இலக்குக்காக எத விட்டேன்னு யாரும் கேக்கறதில்ல.

இலக்க இப்படி முன்னாடியே கட்டிப் போட்டா வகுப்புல திடீர்னு கெளம்புற பேச்சுக்கு எடமில்லாமப் போயிடாதான்னு எங்க ஸ்கூல் தமிழ் ஐயா கேட்டாரு. நியாயமான கேள்வி. செய்யுள் நடத்தும்போது பிள்ளைங்க எங்கயோ இழுத்துக்கிட்டுப் போகும், அது தான் அந்தப் பாடத்தோட ருசியே. அதனால எல்லாப் பாடத்துக்கும் எல்லா பீரியடுக்கும் இப்படின்னு நான் சொல்ல மாட்டேன். கணக்குக்கும் அறிவியலுக்கும், ஒரு அலகுக்கு ஒரு கேள்வின்னு வெச்சாலே எங்களுக்குப் போதும்.

கல்வித்துறைகிட்ட நான் கேக்கறது சின்னது தான். பாடக்குறிப்பு படிவத்துல அந்த மதிப்பீட்டுக் கட்டத்தத் தூக்கி மேல வையுங்க, அலகுக்கு ஒரு தடவ எழுதினா போதும்னு சொல்லுங்க, எது விட்டுப் போச்சு ஏன் விட்டுப் போச்சுன்னு எழுத ரெண்டு வரி எடம் குடுங்க. பார்வைக்கு வர்ற அதிகாரி என் நோட்டப் புரட்டாம, நான் எழுதியிருக்கிற அந்தக் கேள்விய ஏதாவது அஞ்சு பிள்ளைங்ககிட்ட அவரே கேட்டுப் பாக்கட்டும். பக்கத்துப் பள்ளி டீச்சருங்க எல்லாம் ஒண்ணா கூடுற சிஆர்சி மீட்டிங்லயும் சார்ட்டு கண்காட்சிக்கு பதிலா பிள்ளைங்க அந்தக் கேள்விக்கு எழுதின பதில கொண்டு வந்து வெச்சுப் பேசலாம், சரியான பதில மட்டும் இல்ல, தப்பானதையும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளி கணக்கு டீச்சர்,
திண்டுக்கல் மாவட்டம்.