அயெலிதாவின் உடையில் பிளெக்சிகிளாஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரூப ஓவியர் அலெக்சாண்ட்ரா எக்ஸ்டர் நாடகத்துக்கும் நடனத்துக்கும் சினிமாவுக்கும் செய்த வேலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரைக்கு நன்றி. தமிழில் அவர் பெயர் அச்சேறுவதே அபூர்வம். அதனாலேயே அதிலுள்ள இரண்டு பிழைகளைத் திருத்திவிடுவது நல்லது.

1924-இல் யாகவ் புரோத்தசானவ் இயக்கத்தில் வந்த சோவியத் பேசாப்படமான 'அயெலிதா'வில் செவ்வாய்க்கிரகவாசிகளின் உடைகள் பிளெக்சிகிளாஸ் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை என்கிறது கட்டுரை. அந்தப் பெயரில் அக்ரிலிக் தகடு சந்தைக்கு வந்ததே 1933-இல்தான். ஒளி புகும் தகடு எதுவும் அந்த உடைகளில் இருந்திருந்தால், அன்று கிடைத்த செல்லுலாயிடாகவோ கண்ணாடியாகவோதான் இருந்திருக்க வேண்டும். ஆங்கிலப் புத்தகங்கள் சிலவும் இதே தவற்றைச் செய்திருப்பதால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

இரண்டாவது, செவ்வாய் அரண்மனையின் அரங்க அமைப்பும் எக்ஸ்டருடையது என்பது. படத்தில் அவர் பொறுப்பு உடைகள். அரங்கப் பணியில் செர்கேய் கஸ்லோவ்ஸ்கி, ஐசக் ரபினோவிச் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. ரபினோவிச் கீவ் நகரில் எக்ஸ்டர் நடத்திய பட்டறையில் பயின்றவர். இருவர் கோடுகளும் ஒரே வீட்டுச் சாயலில் இருப்பதால் இந்தக் குழப்பம் புதிதல்ல.

கட்டுரை தொடாமல் விட்டது ஒன்றுண்டு. கித்தானில் வண்ணங்களை மோதவிட்டு ஓவியம் செய்தவர், மூன்று ஊடகத்துக்கும் அதே ஓவியத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கவில்லை. மாஸ்கோவின் காமெர்னி தியேட்டரில் இயக்குநர் தைரவுடன் அவர் முதலில் செய்த 'ஃபமீரா கிஃபரேத்' (1916) நாடகத்தில் வேலையின் பாரம் தரையில் இருந்தது. நடுவில் அகன்ற படிகள், இருபுறமும் கனசதுரங்களும் கூம்புகளும். படிகளில் நிதானமான, கிரேக்கக் கடவுள் அப்பல்லோவுக்குரிய நடை. பக்கக் குவியல்களில் மதுக்கடவுள் டயனீசஸின் கூட்டத்துக்குரிய துள்ளல். படிக்கட்டு விஷயம் மேடை கட்டும் எவரும் சோதித்துப் பார்க்கக்கூடியது. பத்து சென்டிமீட்டர் உயரமும் நாற்பது சென்டிமீட்டர் ஆழமும் உள்ள படியில் அவசரமாக ஏறத் தோன்றாது, நடை தானே இழுபடும். முப்பது சென்டிமீட்டர் கட்டையில் ஏறினால் முழங்கால் மடிந்து உடம்பு எகிறும். நடிகரிடம் 'மெதுவாக நட' என்று சொல்ல வேண்டிய வேலையைத் தச்சரே முடித்துவிடுகிறார்.

அடுத்த ஆண்டு 'சலோமி' நாடகத்தில் நிறம் துணிக்குப் போனது. காட்சியின் உணர்வு மாறும்போது வண்ணத் திரைகள் சரிந்தன, விலகின. இதை மறுபடி செய்து பார்ப்பவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். திரையின் அடி விளிம்பில் சங்கிலியோ ஈயக்குண்டோ வைத்துத் தைப்பதில்லை. துணி காற்றில் மிதந்து அசடு வழிய இறங்குகிறது, கன்னத்தில் அறை விழுந்தாற்போன்ற வேகம் வருவதில்லை. விளக்கின் நிறத்தையும் யோசிப்பதில்லை. சிவப்பு ஃபில்டர் போட்டால் பச்சைத் துணி அழுக்குக் கறுப்பாகிவிடும். திரைகளுக்கு நிறமில்லாத வெளிச்சமே போதும், நிறத்தைத் துணியே கொடுக்கட்டும்.

எல்லாம் வெற்றியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1921-இன் 'ரோமியோ ஜூலியட்'டில் பாலம்மேல் பாலமாகத் தளங்கள் அடுக்கப்பட்டன. நடிகர்கள் அதற்குள் தொலைந்துபோனார்கள். கண்ணுக்கு ஓய்வு தரும் வெற்றுத் தரை இல்லாத மேடையில் மனித உருவம் எப்போதும் தோற்கும்.

நடனத்தில் அவர் கை நேரெதிராக அடங்கியது. நடன அமைப்பாளர் புரோனிஸ்லாவா நிஜின்ஸ்கா 1925-இல் தன் சிறு குழுவோடு இங்கிலாந்தில் ஆடிய, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசைக்கு அமைந்த நடனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடை, ஒரே வெட்டு. யார் ஆண், யார் பெண் என்பது மறைந்து, கூட்டம் நகரும் வடிவம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்குத் தேவையானது அவ்வளவுதான்.

அன்றைய கறுப்பு வெள்ளை சினிமாவில் நிறமே கிடையாது. போதாக்குறைக்கு, அக்காலத்து ஃபிலிம் சுருள்களில் பெரும்பாலானவை சிவப்பை உணராதவை. செக்கச்சிவந்த துணி கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். நிறத்தால் வாழ்ந்த ஓவியருக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. அதனால்தான் அவர் பளபளக்கும் பரப்பு, மங்கிய பரப்பு, வெளிக்கோடு ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டார். செவ்வாயின் அரசி அயெலிதாவின் தலையிலிருந்து கதிர்போல நீளும் குச்சிகளும், தோழி இகோஷ்காவின் கால்களைச் சுற்றிப் பெட்டிச் சட்டமாக நிற்கும் கால்சட்டையும் வெளிச்சத்தில் கோடுகளாகவே தெரிகின்றன.

கட்டுரையின் முடிவில், இந்த உடைகளைக் கல்லூரி நாடகக் குழுக்கள் அப்படியே தைத்து மேடையேற்றலாம் என்ற யோசனை இருக்கிறது. அப்படியே கூடாது. அது பேசாப்படம், உலோகம் உராய்ந்தாலும் கிணுகிணுத்தாலும் யாருக்கும் கேட்காது. மேடையில் வசனத்தை அது விழுங்கிவிடும். கேமரா சில விநாடிகள் ஒரு பக்கம் பார்த்தால் போதும், மேடையில் நடிகர் உட்கார வேண்டும், திரும்ப வேண்டும், அரைமணி நேரம் தாங்க வேண்டும். முதலில் கெட்டி அட்டையில் முழு அளவு மாதிரி வெட்டி, நடிகருக்குக் கட்டி, கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லிப் பாருங்கள். அக்குளில் இடிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே தகட்டை இரண்டாக அறுத்துத் துணிப்பட்டையால் கீல்போல இணையுங்கள். தகடும் தகடும் தொடும் ஓரங்களில் ஃபெல்ட் ஒட்டினால் சத்தம் போகும். தலையணியின் எடை நெற்றியில் இறங்கினால் பத்து நிமிடத்தில் தலைவலி வரும். அதை உச்சிக்கும் பிடரிக்கும் பிரித்துவிடும்படி உள்ளே நாடாக்கூடு தைக்க வேண்டும்.

இன்னொரு சிறு வேண்டுகோள். கட்டுரையோடு அச்சான படம் உடைக்கான வரைபடம், ஆனால் கீழே 'படத்தில் ஒரு காட்சி' என்றிருக்கிறது. திருத்தம் வெளியிடும்போது அசல் படச்சட்டகம் ஒன்றையும் பக்கத்தில் போட்டால், தாளில் சுழன்றாடும் கோடுகளில் எவை தையற்காரர் மேசையைத் தாண்டி வந்தன என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மேடை வடிவமைப்பு ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி