அழும் பெண்ணைத் தூக்கிப் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியக் கலாசாரப் பயங்கரவாதிகள் என்று உங்களுக்கு நீங்களே பெயர் சூட்டிக்கொண்டவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எத்தனை பேர், ஆணா பெண்ணா, இன்னும் இருக்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. காவல்துறைக்கும் இதுவரை தெரியவில்லை. முகவரி இல்லாத ஆட்களுக்குத் திறந்த மடல்தானே எழுத முடியும்.

1986 ஆகஸ்ட் தொடக்கத்தில், ஒரு வார இறுதியில், மெல்போர்னிலுள்ள விக்டோரியா தேசிய ஓவியக்கூடத்துச் சுவரிலிருந்து பிக்காசோவின் 'அழும் பெண்'ணைக் கழற்றிக்கொண்டு போனீர்கள். காலியான இடத்தில் ஓர் அட்டை. அதில் ஏ.சி.டி. என்ற எழுத்துகள். கான்பெரா இருக்கிற தலைநகரப் பகுதியையும் அங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். படம் அந்த ஊருக்குப் போயிருக்கிறது போல என்று ஓவியக்கூடத்துக் காவலர்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அது 'ஆஸ்திரேலியன் கல்ச்சுரல் டெரரிஸ்ட்ஸ்' என்ற உங்கள் கூட்டத்துப் பெயரின் முதலெழுத்துகள் என்பது திங்கட்கிழமை விஷயம் வெடித்த பிறகுதான் புரிந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கோரிக்கையிலும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. கலைகளுக்கு மாநில அரசு ஒதுக்கும் பணத்தை மூன்று ஆண்டுகளில் 10 சதவீதம் கூட்டச் சொன்னீர்கள். முப்பது வயதுக்குட்பட்ட ஓவியர்களுக்கு ஆண்டுதோறும் ஐந்து பரிசு, ஒவ்வொன்றும் 5,000 டாலர். முந்தைய ஆண்டு இந்த ஒரே படத்துக்கு 16 லட்சம் டாலர் கொடுத்த இடத்தில், ஐந்து பேருக்குச் சேர்த்து 25,000 கேட்டதைப் பேராசை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அமைச்சர் ரேஸ் மாத்யூஸ் கையில் அப்போது கலைத்துறையும் இருந்தது, காவல்துறையும் இருந்தது. உங்கள் மனுவும் உங்கள் மேல் புகாரும் ஒரே மேசைக்குத்தான் போயிருக்கும்! அவரைக் கண்டபடி திட்டி எழுதினீர்கள். அது அரசியல், போகட்டும்.

கெடு ஏழு நாள், இல்லாவிட்டால் கொளுத்திவிடுவோம் என்றீர்களே, அங்கேதான் எனக்கு ஆறவில்லை. போதாதென்று, எரிந்த தீக்குச்சி ஒன்றையும் உறையில் போட்டு அனுப்பினீர்கள்.

அந்தப் படம் சின்னது. 55 சென்டிமீட்டர் உயரம், 46 அகலம், ஒரு தலையணை அளவுகூட வராது. கடுமையான பச்சையும் ஊதாவும் பூசிய ஒரு தலை. மூக்கு பக்கவாட்டில் போகிறது, கண்கள் இரண்டும் நம்மைப் பார்க்கின்றன. மூஞ்சி கோணல் என்று நகர்ந்துவிடலாம். கொஞ்ச நேரம் நின்றால் வாய் தெரியும். கைக்குட்டையைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறாள். எழவு வீட்டில் சத்தம் வெளியே வந்துவிடக்கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வாயை விளக்க வேண்டியதில்லை. தாடை இறுகும்போது முகம் அப்படித்தான் துண்டு துண்டாக உடைகிறது. உருவத்தைத் துண்டு துண்டாக்கிப் பல பக்கங்களையும் ஒன்றாகக் காட்டும் க்யூபிசம் என்ற ஓவிய பாணி தெரியாமலே இதை நாம் கண்டிருக்கிறோம்.

அவள் எதற்காக அழுகிறாள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அந்நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள கெர்னிகா என்ற ஊர்மேல் குண்டு போட்டன. அதில் தீக்குண்டுகளும் உண்டு. ஊரே எரிந்தது. பாரிஸ் கண்காட்சிக்காக ஏழு மீட்டருக்கும் மேல் அகலமான 'கெர்னிகா' ஓவியத்தை பிக்காசோ வரைந்து முடித்த பிறகும், செத்த பிள்ளையை மடியில் போட்டுக் கதறுகிற அந்தத் தாயின் முகம் அவரை விடவில்லை. திரும்பத் திரும்ப அழும் தலைகளையே வரைந்தார். நீங்கள் தூக்கிப் போனது அக்டோபர் 18 அன்று வரைந்தது. எட்டு நாள் கழித்து வரைந்த இன்னொருத்தி லண்டனில் டேட் ஓவியக்கூடத்தில் இருக்கிறாள். எரிந்த ஊருக்காக அழுகிறவளிடமா தீக்குச்சியைக் காட்டினீர்கள்?

இந்த அழும் முகங்களுக்கு மாடலாக இருந்த டோரா மார் நல்ல புகைப்படக் கலைஞர். 'கெர்னிகா' வளர்ந்த ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து வைத்தவர் அவர்தான். பின்னாளில் அவர், அந்த உருவங்கள் எதுவும் நானில்லை, எல்லாம் பிக்காசோதான் என்று சொல்லிவிட்டார். ஆக, உங்களுக்கு முன்பே ஒருவர் அந்த முகத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஆகஸ்ட் 19 அன்று ஸ்பென்சர் தெரு ரயில் நிலையத்தில், பயணிகள் சாமான் வைக்கும் பெட்டி ஒன்றில், பழுப்புக் காகிதம் சுற்றி, ஒரு கீறல் இல்லாமல் அவள் கிடைத்தாள். பெட்டி எண் 227. அந்தக் கீறல் இல்லாமைதான் இந்த மடலை எழுத வைத்தது. திருடத் தெரிந்தவர்களுக்கு ஓவியத்தைக் கையாளவும் தெரிந்திருக்கிறது. அவளைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தீர்களா? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியா, உங்கள் பக்கம் திருப்பியா? இரண்டு வாரத்துக்கு மேல் அவளோடு ஒரே கூரையின் கீழ், வரிசையும் காவலரும் கண்ணாடியும் இல்லாமல் இருந்தவர்கள் நீங்கள். உங்களில் ஒருவராவது ராத்திரி எழுந்து விளக்கைப் போட்டு அவளைப் பார்த்திருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

எப்படித் திருடினீர்கள், யார் உள்ளே விட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த ராத்திரியைப் பற்றி எழுதுங்கள். கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உறைக்குள் தீக்குச்சியும் வேண்டாம்.

இப்படிக்கு,
அவளைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்த ஒருவன்