சேகருக்கு, பள்ளி மைதானம் விஷயமாக

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேரன் போட்டோ வந்தது. மூக்கு அப்படியே உன் மூக்கு. சுமதியின் மூக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முழங்கால் இப்போது தேவலையா? கேட்டதாகச் சொல்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளி மைதானத்தின் நிலப் பயன்பாட்டை மாற்றச் சொல்லி மனு போட்டிருக்கிறார்கள். போன வாரம் பேப்பரில் அறிவிப்பு வந்தது. கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, நிறுவனப் பயன்பாட்டிலிருந்து கலப்புக் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு என்று நாலு வரி, அவ்வளவுதான். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் தெரிவிக்கக் கெடு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொடி எழுத்து யார் கண்ணிலும் பட்டிருக்காது. மூர்த்தி கண்ணில் பட்டது. காலமெல்லாம் வி.ஏ.ஓ. ஆபீசில் இருந்தவனுக்கு நம் பக்கத்துச் சர்வே எண்கள் எல்லாம் மனப்பாடம். பல்கூடத் தேய்க்காமல் பேப்பரோடு வந்து நின்றான்.

பள்ளியை மூடியதிலிருந்தே இது வரும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். வந்துவிட்டது. மைதானத்தின் வடக்கு மதிலை ஒட்டி இருப்பது உங்கள் வீடு. பட்டாவில் உன் பெயரும் அண்ணன் பெயரும் இருக்கின்றன. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் நீ கிரிக்கெட் பேச ஆரம்பித்துவிடுவாய்.

நிலம் 20 கிரவுண்டு, அதாவது 48,000 சதுர அடி. 2019ஆம் ஆண்டு கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐயை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, ஒன்றரையிலிருந்து இரண்டாக்கினார்கள். அந்தக் கணக்கில் 96,000 சதுர அடி கட்டலாம். எப்படியும் 80 வீடு. சாலை அகலம் ஒத்துவந்தால் பணம் கட்டிக் கூடுதல் எஃப்எஸ்ஐயும் வாங்கிக்கொள்ளலாம். சரி, பெரிய மனைகளில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கு விட வேண்டுமே, அந்தப் பூங்காவாவது வரும் என்று நினைத்தேன். மூர்த்தி விதியைக் காட்டினான். மனை 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால்தான் நிலமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000க்கும் 10,000க்கும் இடைப்பட்டதென்றால் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிட்டு நிலத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். நம் மைதானம் சுமார் 4,460 சதுர மீட்டர். ஆக, ஒரு மரம் நிற்கும் அளவுக்குக்கூட அங்கே பொது இடம் மிஞ்ச வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி தண்ணீரைப் பார். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த மைதானத்தின் மேல் மட்டும் நாலரை லட்சம் லிட்டர் விழுகிறது. இப்போது அதில் பெரும்பங்கை மண் குடிக்கிறது. கான்கிரீட் போட்டுவிட்டால் அவ்வளவும் நம் தெருவுக்குத்தான் வர வேண்டும், தெருவிலேயே தாழ்வானது உங்கள் வாசல். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் என்று போகும் அந்த வழியில்தான் நாமெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு மைதானம் பிடித்துவைத்த தண்ணீரும் சேர்ந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்.

இதை ஏரியா சபையில் எழுப்பினோம். 2022 நவம்பரில் தொடங்கினார்களே, கிராம சபை போல நகரத்துக்கு, அதே கூட்டம்தான். நம் கவுன்சிலர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்ன பதில்தான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. மழைநீர் வடிகால் வேண்டுமா, மாநகராட்சி மாமன்றத்தில் கேட்கிறேன்; தெருவிளக்கு வேண்டுமா, வார்டு நிதியில் போடுகிறேன்; நிலத்தை என்ன வகையில் வைப்பது என்பது மாமன்றம் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற விஷயமே இல்லையே, என்றார். அவர் சொன்னது உண்மை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அந்த அதிகாரம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவிடமும் மாநில அரசிடமும் இருக்கிறது. 200 வார்டிலும் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்து செலவைத்தான் பிரிக்கிறார்கள். அந்தச் செலவை உண்டாக்கும் முடிவை வேறு இடத்தில் எடுக்கிறார்கள்.

சேகர், இந்த ஒன்றைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். மைதானத்தில் 80 வீடு வந்தால் வடிகாலை அகலப்படுத்த வேண்டும். அது மாநகராட்சிச் செலவு. கழிவுநீர்க் குழாயைப் பெரிதாக்க வேண்டும். அது மெட்ரோ வாட்டர். ஏரியில் உபரி நீர் வழியும் கலங்கலையும் போக்குக் கால்வாயையும் பார்ப்பது நீர்வளத்துறை. கடைசியில் தண்ணீர் போய்ச் சேரும் சதுப்பு நிலம் வனத்துறையிடம். பயன்பாட்டை மாற்றும் கோப்பின் மேல் 'இதனால் யாருக்கு எவ்வளவு செலவு' என்று ஒரு பக்கம் எழுதி, அதை மாமன்றத்தில் வைத்து விவாதித்த பிறகு கையெழுத்துப் போட்டால் என்ன? நிலத்தின் விலை ஒரே நாளில் ஏறும், லாபம் ஒருவருக்கு. வடிகாலுக்கு வரி கட்டுவது தெரு முழுக்க.

வரி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது நீ கோவையிலிருந்து ஒரு மணி நேரம் புலம்பினாய். 2011இல் சென்னையோடு சேர்ந்த நம் மாதிரிப் பகுதிகளுக்கு வீட்டின் அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை ஏற்றினார்கள். பழைய நகரப் பகுதிக்கு 50 முதல் 150. நான் அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், வரி கட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி ஒரே வீச்சில் 426 ஆனது. பஞ்சாயத்தாகக் கிடந்த இடங்களுக்கெல்லாம் சாலையும் வடிகாலும் போட்டாக வேண்டும், பணம் வேண்டும்தான். 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த மாமன்றமே இல்லாமல் கிடந்தோம். அப்போது கேள்வி கேட்கக்கூட ஆள் இல்லை. இப்போது ஆள் இருக்கிறார்கள், ஆண்டுக்கு ஐயாயிரம் கோடிக்கு மேல் பட்ஜெட் போடுகிறார்கள். ஆனால் பட்ஜெட் விவாதத்தில் வடிகால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கும் குரல், அந்த வடிகாலுக்கு ஏன் தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது என்று கேட்பதில்லை. கேட்டாலும் அந்த அவையில் அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

நான் அடுக்குமாடிக்கு எதிரி என்று அண்ணன் நினைத்துவிடக் கூடாது. மூர்த்தியின் மகன் வாடகைக்கு வீடு தேடி அலைந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். இந்த ஊருக்கு வீடுகள் வேண்டும், நிறைய வேண்டும். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோவுக்குத் தூண் நிற்கிறது. அந்தச் சாலையை ஒட்டி மேட்டு நிலத்தில் பத்து மாடி கட்டட்டும், கைதட்டுகிறேன். ரயிலில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போகலாம், கார் குறையும். தாழ்ந்த இடத்தில், தண்ணீர் நின்று போகிற மைதானத்தில் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் தண்ணீருக்கு என்று முதலிலேயே பிரித்துவைப்பதற்குத்தானே முதன்மைத் திட்டம்? ஒவ்வொரு சர்வே எண்ணாக மாற்றிக்கொண்டே போனால் அந்த வரைபடத்துக்கு என்ன மரியாதை?

2008இல் வந்த இரண்டாவது முதன்மைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்தது 2027 முதல் 2046 வரை. நம் பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலம் வரை அந்த வரைபடம்தான் பேசும். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகரத் திட்டமிடலையும் நிலப் பயன்பாட்டையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலைகளின் பட்டியலில் முதல் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று 243 இசட்இ பிரிவு சொல்கிறது. நீ அந்த நாளில் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்தாயே, 'அதிகாரம் கிராமத்துக்கும் நகரத்துக்கும்' என்று. நடுவர் மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் பேசிய அதே பேச்சு. அதை மறுபடி எடுக்கும் நேரம் இது.

என்ன செய்யலாம் என்று மூர்த்தியும் நானும் பேசிவிட்டோம். ஆட்சேபனை மனுவில் உணர்ச்சியைக் கொட்டப் போவதில்லை. வெள்ளத்தில் எந்த வாசலில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சுவர்க்கறையை அளந்து வீடுவாரியாக எழுதுகிறோம், போட்டோவோடு. தெரு வடிகாலின் அகலமும் ஆழமும் சேர்க்கிறோம். மைதானத்தைத் திறந்தவெளிப் பயன்பாடாக அறிவித்து மாநகராட்சி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கோரிக்கை. விலை பெரிதுதான். மழைக்கு மழை மோட்டார் வைத்து இறைப்பதற்கும் நிவாரணத்துக்கும் ஆகும் செலவை வருஷக்கணக்கில் கூட்டினால் அதுவும் பெரிதுதான். மாமன்றத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முயற்சி செய்வதாகக் கவுன்சிலர் சொல்லியிருக்கிறார். தீர்மானத்துக்குச் சட்டப்படி எவ்வளவு வலு இருக்கிறதோ தெரியாது, பதிவேட்டில் ஏறட்டும்.

இப்போது உன் பங்கு. மதிலை ஒட்டிய வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் மனு போனால் அது நொண்டி மனு. அண்ணன் வீட்டை விற்க நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். மைதானம் கலப்புக் குடியிருப்பு ஆனால் உங்கள் மனைக்கும் கூடுதல் விலை வரும், அந்த பில்டரே கேட்பார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். விற்பது உங்கள் உரிமை. அதில் நான் தலையிட மாட்டேன், அண்ணன் மேல் எனக்கு இருக்கும் மரியாதையும் குறையாது. ஆனால் உங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம் டீச்சரம்மா தனியாக இருக்கிறார். அதற்கடுத்து, சக்கர நாற்காலியில் இருக்கும் பையனோடு அந்தக் குடும்பம். அவர்கள் விற்றுவிட்டுப் போக முடியாதவர்கள். அண்ணனிடம் இதை நீ சொல்கிற விதத்தில் சொல், என்னால் அந்த வீட்டுப் படியேறிச் சொல்ல முடியவில்லை.

மனுவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பட்டா நகலோடு கூரியரில் மூர்த்தி விலாசத்துக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் கெடுவுக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிடுவோம். அண்ணன் மறுத்தால் உன் கையெழுத்தை மட்டுமாவது அனுப்பு.

அன்புடன்,
ரகு