பெற்றோரிடமும் தமிழில் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரம் இது. பிள்ளையை முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு அனுப்பும் வீடுகள் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறைய. அந்த வீடுகளை நினைத்துத்தான் பல்கலைக்கழகங்களுக்கு இந்த வேண்டுகோளை எழுதுகிறேன்.

நான் பென்னாகரத்தில் தையல் வேலை செய்கிறேன். கணவருக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். அரசுப் பள்ளியில் படித்த மகன், வெளி மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் அவன்தான் முதல் பட்டதாரி.

இரண்டாம் ஆண்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஊருக்கு அழைத்து வந்து, அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து, கீழாநெல்லியும் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்பது எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது, எங்களைக் கலங்கவைக்க வேண்டாம் என்று சொல்லாமல் இருந்துவிட்டான். என் போனுக்கு இரண்டு முறை மெசேஜ் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். ஏதோ பேங்க் மெசேஜ் என்று விட்டுவிட்டேன். ஹால் டிக்கெட் வராதபோதுதான் விஷயமே புரிந்தது. மருத்துவமனைச் சீட்டை அப்போதே கொண்டுவந்து கொடுத்திருந்தால் அனுமதி வாங்கியிருக்கலாம் என்று அங்கே ஒருவர் சொன்னார். அந்தச் சீட்டு அன்றைக்கும் என் பீரோவில்தான் இருந்தது! இப்போது அதே செமஸ்டரை ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்கிறான்.

அவன் பள்ளியில் படித்தபோது நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாங்களே கேட்டு வாங்கினோம். அதே பிள்ளை பிளஸ் டூ முடித்ததும், ஃபீஸ் கட்டுவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் தவிர எங்களை யாரும் தேடவில்லை. பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது, அதுவும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. கூலிக்குப் போகிறவர் எப்படிப் போவார்?

கையெழுத்து என்றதும் நினைவு வருகிறது. ராகிங் தடுப்புக்காக பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009-ல் கொண்டுவந்த விதிகளின்படி மாணவரோடு பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததை வாசிக்காமலே போட்டேன். முதலாண்டு முடிக்கும் மாணவர்களின் பெற்றோருக்குக் கல்லூரித் தலைவர் கடிதம் எழுத வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கடிதம் வரவில்லை. கல்லூரி மாணவர்களுக்கான அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவது என் மாமியாருக்குக்கூடத் தெரியும். தமிழில் சொன்னார்கள், தெரிந்துகொண்டார். அவ்வளவுதான்.

பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளை நாங்கள் கண்காணிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எந்தப் பெண் யாரோடு பேசினாள் என்று வீட்டுக்குச் சொல்லத் தொடங்கினால், சில வீடுகளில் அவள் படிப்பையே நிறுத்திவிடுவார்கள். அது வேண்டவே வேண்டாம். வருகைப்பதிவு, அரியர், உதவித்தொகை, உடம்புக்கோ மனசுக்கோ முடியாமல் போனால் யாரைப் பார்ப்பது, இவற்றை மட்டும் எங்கள் மொழியில் சொல்லுங்கள். கூப்பிட்டால் தமிழில் பதில் சொல்ல ஒரு ஆளும் ஒரு போன் நம்பரும் இருந்தால் போதும்.

இன்னொன்றும் கேட்கிறேன். என் மகன் படிப்பது வேறு பல்கலைக்கழகம் என்றாலும், நம் இரண்டு மாவட்டங்களும் 1997-ல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அதன் விரிவாக்க மையம் நம் தருமபுரி மாவட்டத்துப் பைசுஅள்ளியில் இருக்கிறது. சேர்க்கை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே முதலாண்டுப் பிள்ளைகளின் குடும்பங்களை அழைத்துப் பேசலாமே. தொப்பூர் கணவாய் தாண்டி நாங்கள் எல்லோரும் சேலத்துக்குப் போவதைவிட நான்கு பேராசிரியர்கள் இங்கே வருவது சுலபம். மற்ற பல்கலைக்கழகங்களும் இப்படி மாவட்டத்துக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். தேதியைப் பதினைந்து நாள் முன்னாடியே சொல்லிவிட்டால், என் கணவர் போன்றவர்கள் சனிக்கிழமை ராத்திரியே பெங்களூரில் பஸ் ஏறிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் தாய்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.